நுவரெலியாவில் ஜெட் ஸ்கி எஞ்சின் பழுதானால்: கழற்ற முன் பார்க்க வேண்டியவை

கிரகரி வாவியில் வாடகைக்கு விடவோ சொந்தப் பாவனைக்கோ பழைய ஜெட் ஸ்கி ஒன்றை வாங்கி மேலே கொண்டுவந்திருக்கிறீர்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஓரளவு தெரியும், ஆனால் இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் எதில் தொடங்குவது என்று புரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொழும்பிலும் பெந்தோட்டையிலும் இந்த வேலை தெரிந்த பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். மலையில் குறைவு. அதனால் முதல் சோதனைகளை நாமே செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் அண்ணனும் வாங்கிய பழைய டூ ஸ்ட்ரோக் மெஷின் மேலே வந்ததும் இழுக்கவில்லை. பார்த்தவர், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜைப் போட்டுவிட்டு, "கம்ப்ரெஷன் இல்ல தம்பி, போர் பண்ணி பிஸ்டன் செட் மாத்தணும்" என்றார். போர் என்பது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது. கேஜில் 120 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியது உண்மை. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் சிலிண்டரில் ஒரு கீறல்கூட இல்லை. கழற்றிப் பூட்டிய கூலி, கேஸ்கெட் செட், கைவிட்டுப் போன சீசன் வருமானம் எல்லாம் நட்டம். அந்த 120 ஏன் சரியான அளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் ஒவ்வொரு முறையும் உள்ளே இழுக்கும் காற்றும் அதே அளவுக்குக் குறையும். இதிலிருந்து மூன்று விஷயங்கள் வருகின்றன. இவற்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, பலம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினும் இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். நீர்கொழும்பில் ஓட்டிப் பார்த்து வாங்கிய மெஷின் மேலே வந்து மந்தமாக இருந்தால், அது தனியே பழுதுக்கான அடையாளம் அல்ல.

இரண்டாவது, பெற்றோல் கலவை. காபரேட்டர் உள்ள பழைய மெஷின்கள் காற்று குறைந்ததைத் தாமாக அறியாது. கீழே கொடுத்த அளவுக்குக் கிட்டத்தட்டவே பெற்றோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கலவை தடித்து, பிளக் கறுத்து, கரி பிடித்து, அடிக்கடி அணைந்துபோகும். ஈ.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் அளந்து பெற்றோலைப் பீய்ச்சும் முறை) உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மெஷின்களில் அழுத்தத்தை அளக்கும் சென்சர் இருப்பதால் பெற்றோல் அளவு தானாகச் சரியாகும். அவற்றில் பலம் மட்டும்தான் குறையும்.

மூன்றாவது, கேஜ் காட்டும் எண். கடல் மட்டத்தில் 150 பி.எஸ்.ஐ. காட்டும் சிலிண்டர், எந்தத் தேய்மானமும் இல்லாமல், நுவரெலியாவில் ஏறத்தாழ 120 காட்டும். சுமார் 1,100 மீட்டரில் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கம் 130 அளவில் வரும். கண்டியில் 140. மெஷினின் கையேட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்து எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

2. கடதாசிகளை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

பழுது பார்க்க எதற்குக் கடதாசி என்று தோன்றும். பிழையான பார்ட்ஸ் வந்து இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். ஒரே பெயரில் பல வருடங்கள் வந்த மெஷின்களில் கேஸ்கெட் முதல் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) வரை மாறியிருக்கும். "யமஹா விஎக்ஸ்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் தன்னிடம் உள்ளதைத்தான் தருவார்.

ஜெட் ஸ்கியின் உடலில் பின்பக்கமாக ஓர் அடையாள எண் பொறித்திருக்கும். பெரும்பாலும் 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். கடைசி இரண்டு எண்களும் மொடல் வருடத்தைக் காட்டும். எஞ்சினில் தனியாக எஞ்சின் இலக்கம் உண்டு. இரண்டையும் வெளிச்சத்தில் படம் எடுத்து போனில் வையுங்கள். விற்றவர் சொன்ன வருடமும் இந்த எண் காட்டும் வருடமும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். வாங்கு முன் பார்த்தால் இன்னும் நல்லது.

இவற்றோடு வாங்கிய ரசீது, இறக்குமதி செய்தவரின் சுங்கப் பத்திரத்தின் பிரதி, காப்புறுதி இருந்தால் அதன் பிரதி எல்லாவற்றையும் ஒரு பைலில் போடுங்கள். லொறியிலோ ட்ரெய்லரிலோ ஏற்றி மாவட்டம் தாண்டும்போது வழியில் கேட்டால் காட்ட ரசீதும் உங்கள் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பழைய உரிமையாளர் பெயரில்தான் ரசீது இருக்கிறதென்றால், அவர் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம் ஒன்றை இப்போதே வாங்கிவிடுங்கள். பிறகு அவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று: திருத்திய பிறகு ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும். காசல்ரீயும் மவுசாகலையும் மின்சார சபையின் நீர்த்தேக்கங்கள். கொத்மலையும் விக்டோரியாவும் மகாவலித் திட்டத்தைச் சேர்ந்தவை. "அங்கே ஆள் நடமாட்டம் இல்லை" என்று இறக்கிவிடாதீர்கள். எந்த நீரில் இறக்குவதானாலும் அதை நிர்வகிக்கும் அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாவியில் ஏற்கனவே தொழில் செய்பவர்களானால் உங்கள் அனுமதி சோதனை ஓட்டத்துக்கும் செல்லுமா என்று கேட்டு வையுங்கள்.

3. சாமானும் பாதுகாப்பும்

மல்டிமீட்டர், கம்ப்ரெஷன் கேஜ், ஸ்பார்க் டெஸ்டர், பிளக் ஸ்பானர், டோர்க் ரெஞ்ச், நல்ல டார்ச். இவ்வளவு போதும். கேஜில் ரப்பர் முனையை அழுத்திப் பிடிக்கும் வகை வேண்டாம், எண் நம்பும்படி வராது. பிளக் மரையில் முறுக்கும் வகையை வாங்குங்கள். மல்டிமீட்டரும் கேஜும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு, தேவையில்லாமல் ஹெட் கழற்றியதற்குக் கொடுத்த கூலியை விடக் குறைவு.

மூன்று விதிகளை மீறவே வேண்டாம்.

இருக்கையைக் கழற்றி ஐந்து நிமிடமாவது திறந்து வைத்த பிறகே எந்த ஸ்விட்சையும் தொடுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, ஜெட் ஸ்கியின் அடியில் தங்கி நிற்கும்.

நுவரெலியாக் குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனை கிடையாது, ஆளை மயக்கிக் கொன்றுவிடும். வெளியே தள்ளி வந்து ஓட விடுங்கள்.

அடியில் உள்ள தண்ணீர் இழுக்கும் வாயிலோ பின்னால் நொசிலிலோ கை வைக்கு முன் எஞ்சின் நின்றிருக்க வேண்டும், மணிக்கட்டுக் கயிற்றின் சாவி (ஓட்டுபவர் விழுந்தால் கழன்று எஞ்சினை நிறுத்துவது) உங்கள் பொக்கெட்டில் இருக்க வேண்டும்.

4. ஸ்டார்ட் ஆகவே இல்லை என்றால்

சத்தத்தைக் கேளுங்கள். பட்டனை அமத்தியதும் ஒன்றுமே நடக்கவில்லையா, "டிக்" என்று மட்டும் வருகிறதா, மெதுவாகச் சுற்றுகிறதா, நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையா? சத்தத்தைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும்.

ஒன்றுமே நடக்காவிட்டால் மணிக்கட்டுக் கயிற்றின் சாவியிலிருந்து தொடங்குங்கள். சீடூ கம்பனி மெஷினில் சாவியை மாட்டியதும் இரண்டு சிறிய பீப் வர வேண்டும். ஒரு நீண்ட பீப் வந்தால் தொடர்பு சரியில்லை, சாவியின் உள்பக்கத்தையும் பொருந்தும் முனையையும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். யமஹாவில் சிவப்புப் பட்டனுக்கு அடியில் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ரிமோட் உள்ள மொடல் என்றால் லொக்கில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஃபியூஸ். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரால் அளந்து பாருங்கள்.

"டிக்" என்றோ மெதுவாகவோ என்றால் பெட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் செய்யுங்கள். பட்டனை அமத்திப் பிடித்து, சுற்றும்போது அளங்கள்: 9.5க்குக் கீழே விழுந்தால் பெட்டரி தளர்ந்துவிட்டது. மேலே இரவுக் குளிரில் இது சீக்கிரம் நடக்கும். ஜனவரி, பெப்ரவரியில் துகள்பனி விழும் காலத்தில், மாலையில் நன்றாக ஸ்டார்ட் ஆன மெஷின் காலையில் ஆகாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். பெட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மெதுவாக ஏற்றும் சார்ஜரில் போடுங்கள். லொறிப் பெட்டரியை ஜம்ப் வயரால் இணைத்து அடிப்பவர்கள் உண்டு. லொறி 24 வோல்ட்டாக இருந்தால் மெஷினின் கம்ப்யூட்டர் போய்விடும். கம்ப்யூட்டர் பெட்டி இலட்சக்கணக்கில் செலவு வைக்கும் சாமான்.

பெட்டரி நல்லதாக இருந்தும் சுற்றாமல் திக்கித் திக்கி நின்றால் உடனே நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். திரும்பத் திரும்ப அமத்தினால் கனெக்டிங் ரொட் வளையும். 7ஆம் பகுதிக்குப் போங்கள்.

நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெற்றோல் மணந்தால் பெற்றோல் வருகிறது. காய்ந்து இருந்தால் வரவில்லை. எல்லாப் பிளக்கையும் எந்தச் சிலிண்டரில் இருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையில் அடுக்கிப் படம் எடுங்கள். இளம் கபில நிறம் நல்லது. கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் கலவை தடித்திருக்கிறது, மலையில் காபரேட்டர் மெஷினுக்கு இது வழமை. வெள்ளையாக வெந்துபோனது போல இருந்தால் கலவை மெலிந்திருக்கிறது, அது ஆபத்து. ஒரு பிளக் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் பழுது அந்தச் சிலிண்டரில்.

ஸ்பார்க்கை டெஸ்டர் போட்டுப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி எஞ்சினில் உரச வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கமானதுதான், ஆனால் மூடிய உடலுக்குள், திறந்த சிலிண்டருக்குப் பக்கத்தில் தீப்பொறி வைப்பது வேண்டாத வேலை. ஈ.எஃப்.ஐ. மெஷின் பெற்றோலில் மூழ்கியிருந்தால் பல மொடல்களில் துரொட்டிலை முழுதாக அமத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அமத்தும்போது பெற்றோல் நிற்கும், காற்று மட்டும் போய்ச் சிலிண்டர் காயும். சீடூவின் ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த வசதி உண்டு.

பெற்றோல் வரவில்லை என்றால் தாங்கியிலிருந்து பின்னால் போங்கள்: பெற்றோலை மூடித் திறக்கும் வால்வு, ஃபில்டர், குழாய்கள். தொண்ணூறுகளில் வந்த சீடூக்களில் சாம்பல் நிறக் குழாய்கள் இருக்கும். அவை உள்ளே கரைந்து பச்சைப் பசையாகி காபரேட்டரின் உள் ஃபில்டரை அடைத்துவிடும். காபரேட்டரை எத்தனை தடவை கழுவினாலும் குழாயை மாற்றாதவரை அது திரும்ப வரும். மொத்தக் குழாயையும் நல்ல கறுப்பு பெற்றோல் குழாயாக மாற்றுங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் சாமான், செலவு பெரிதல்ல. மாதக்கணக்கில் தாங்கியில் கிடந்த பெற்றோலை வைத்துச் சோதனையே செய்யாதீர்கள். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றிய பிறகு பாருங்கள்.

5. ஸ்டார்ட் ஆகிறது, இழுக்கவில்லை என்றால்

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்கள்.

ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் மட்டும் வரவில்லையா? எஞ்சினில் ஒன்றும் இல்லை, பழுது தண்ணீரை இழுத்துப் பின்னால் தள்ளும் பம்பில். கரைக்கு எடுத்து, சாவியைக் கழற்றிவிட்டு அடிவாயைப் பாருங்கள். கிரகரி வாவியின் ஓரங்களில் நீர்ப்பாசியும் பொலித்தீன் பையும் தாராளம். தண்டைச் சுற்றிக்கொண்டால் தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத்தான் இழுக்கும். சுத்தமாக இருந்தால் இம்பெல்லர் இதழ்களில் கல் பட்ட காயம் இருக்கிறதா, இதழுக்கும் அதைச் சுற்றியுள்ள வெயார் ரிங்குக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். புதிதில் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக ஆடினால் ரிங் மாற்ற வேண்டும். இந்த வேலைக்கு எஞ்சினைத் தொடத் தேவையே இல்லை.

ஆர்.பி.எம். சரியாக 3,000 பக்கம் போய் அதற்கு மேல் ஏறவே மறுக்கிறதா? கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சூடு, ஒயில் அழுத்தம், ஏதாவது ஒரு சென்சர். திரையில் விளக்கு எரியும். விளக்கை அணைக்கப் பெட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது தீர்வு அல்ல. யமஹா, சீடூ இரண்டுக்கும் கணினியில் மாட்டிக் கோளாறு இலக்கத்தை வாசிக்கும் கருவி உண்டு. அது உள்ளவரிடம் வாசிக்கச் சொல்லி, திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடிய மணிநேரமும் அதில் வரும்.

ஆர்.பி.எம். மெதுவாக ஏறி, உச்சத்தில் சில நூறு குறைவாக நின்றால் அது பெரும்பாலும் உயரம். நிரந்தரமாக மேலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் சாய்வு குறைந்த இம்பெல்லர் போட்டால் எஞ்சின் இலகுவாகச் சுற்றும், வாடகை ஓட்டத்துக்கு அதுவே போதும்.

காபரேட்டர் மெஷின் என்றால் கலவையைத் திருத்தலாம். மிகுனி காபரேட்டரில் மெதுவேகத்துக்கு ஒன்றும் முழுவேகத்துக்கு ஒன்றுமாக இரண்டு திருகுகள் இருக்கும். முதலில் ஒவ்வொன்றையும் மெதுவாக முழுதாக உள்ளே திருப்பி, எத்தனை சுற்று போனது என்று எண்ணி, எழுதி, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். அந்தக் கணக்கு உங்கள் பைலில் இருக்க வேண்டிய முக்கியமான கடதாசி. பிறகு உள்ளே திருப்பினால் கலவை மெலியும். ஒரே தடவையில் அரைக்கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்து, அப்புறம் அடுத்தது. இளம் கபிலம் வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பலம் வருமா என்று பார்க்கப் போனால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

6. கம்ப்ரெஷனை ஒழுங்காக எடுங்கள்

எஞ்சினைச் சற்றுச் சூடாக்குங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. பிளக் வயர்களை எஞ்சின் உலோகத்தில் எர்த் செய்யுங்கள். இல்லாவிட்டால் இக்னிஷன் பெட்டி பழுதாகலாம், ஆவியும் பற்றலாம். பெட்டரி முழுதாக ஏறியிருக்க வேண்டும், மெதுவாகச் சுற்றினால் எண் குறைத்துத்தான் காட்டும். துரொட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, முள் ஏறாமல் நிற்கும்வரை, சுமார் ஐந்து விநாடி சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் இரண்டு முறை.

எழுதும்போது இடத்தையும் எழுதுங்கள்: "நுவரெலியா, 118, 121". பாஸ் யாரிடம் காட்டினாலும் அந்த ஊர்ப் பெயர் எண்ணோடு சேர்ந்தே போக வேண்டும்.

இனி முடிவு. சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் பத்து வீதத்துக்குள் இருந்தால், உயரத்தைக் கழித்த எண்ணும் சரியாக வந்தால், எஞ்சினைப் பிரிக்க அனுமதிக்காதீர்கள். ஒன்று 120, மற்றது 85 என்றால் உண்மையான பழுது. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மீண்டும் அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வும், எதிலும் ஹெட் கேஸ்கெட்டும் சந்தேகத்துக்குரியவை.

7. சூடாகிறது, அல்லது உள்ளே தண்ணீர்

யமஹாவும் கவாசாக்கியும் ஏரித் தண்ணீரையே இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும். சீடூவின் ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் மூடிய சுற்றில் கூலன்ட் ஓடும், ஆனால் புகைக்குழாயைக் குளிர்விக்க அதற்கும் ஏரித் தண்ணீர் வேண்டும். ஆகவே சூடானால் முதலில் அடிவாய் அடைப்பு, அப்புறம் குழாய்களில் சேறு. பக்கவாட்டில் சிறு துளையால் தண்ணீர் பீய்ச்சும் மொடல்களில் அந்த நீரோட்டம் மெலிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. மழைக்குப் பிறகு சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மண் கரைந்து வந்து வாவி கலங்கும் நாட்களில் இதை அடிக்கடி பாருங்கள்.

கரையில் வைத்துத் தண்ணீர்க் குழாய் மாட்டிக் கழுவும்போது வரிசை முக்கியம். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு குழாயைத் திறவுங்கள். முடிக்கும்போது முதலில் குழாயை மூடுங்கள், பிறகு எஞ்சினை நிறுத்துங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது தண்ணீர் ஓடினால் அது புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீர் இல்லாமல் எஞ்சின் 15 விநாடிக்கு மேல் ஓடக்கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இந்த இரண்டையும் சொல்லிக்கொடுக்காமல் மெஷினில் கை வைக்க விடாதீர்கள்.

கவிழ்ந்தோ மூழ்கியோ தண்ணீர் போயிருந்தால் நேரம்தான் எல்லாம். ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். கரைக்கு இழுங்கள், பின்னால் உள்ள வடிகால் மூடிகளைத் திறவுங்கள், பிளக்குகளைக் கழற்றுங்கள், வயர்களை எர்த் செய்யுங்கள், பிறகு சுற்றுங்கள். துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், முகத்தை விலக்கி வையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயில் பால் நிறமாக மாறியிருந்தால் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடம் ஓட்டி, மீண்டும் மாற்றி, நிறம் தெளியும்வரை தொடருங்கள். மூன்று தடவையாவது தேவைப்படும், ஆகவே ஒயிலை அதற்கேற்ப வாங்குங்கள். டூ ஸ்ட்ரோக்கில் சிலிண்டரை உலர்த்தி, உள்ளே ஒயில் விட்டுச் சுற்றி, அன்றே ஸ்டார்ட் செய்துவிட வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று விட்டால் பெயரிங்கில் துரு ஏறிவிடும்.

8. பாஸிடம் கொடுக்கும்போது

மோட்டார் சைக்கிள் பாஸ்மார் காபரேட்டரிலும் போரிலும் கெட்டிக்காரர்கள், அவர்களிடம் கொடுப்பதில் தவறில்லை. தண்ணீர்க் குழாய்களின் ஓட்டம் மட்டும் அவர்களுக்குப் பழக்கமில்லாதது. கழற்று முன் ஒவ்வொரு குழாயையும் நீங்களே படம் எடுத்து, டேப் ஒட்டி எண் போடுங்கள்.

கொடுக்கும்போது நான்கு அளவுகளை எழுதிக் கொடுங்கள்: பெட்டரி வோல்ட், பிளக் படம், கம்ப்ரெஷன், உச்ச ஆர்.பி.எம். "பாருங்க பாஸ், இதுக்கு மேல கழட்டணும்னா எனக்கு ஒரு கோல் போடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கூலி எவ்வளவு, பார்ட்ஸ் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸ் அத்தனையும் திரும்ப வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள்.

செலவு ஏறும் வரிசை இப்படி: பிளக், ஃபில்டர், குழாய், ஒயில் என்பவை சில ஆயிரங்களில் முடியும். பெட்டரி, வெயார் ரிங், இம்பெல்லர் திருத்தம் பத்தாயிரக் கணக்கு. எஞ்சின் பிரித்தால் இலட்சத்தில் தொடங்கும். மேலே உள்ள எல்லாம் முடியாமல் கீழே உள்ளதற்குப் போகாதீர்கள்.

உண்மையிலேயே போர் செய்ய வேண்டிவந்தால் ஒரு பொறி இருக்கிறது. பிஸ்டன் கைக்கு வருமுன் சிலிண்டரை லேத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காமல் மாதக்கணக்கில் மெஷின் கிடக்கும். பிஸ்டன் முதலில் வரட்டும். அதை அளந்து, கையேட்டில் உள்ள இடைவெளிக்கு ஏற்பத்தான் போர் செய்ய வேண்டும். பூட்டிய பிறகு முதல் சில மணிநேரம் முழு வேகம் வேண்டாம், வாடகைக்கும் விட வேண்டாம்.

ஒயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் கலந்து ஊற்றும் மெஷினுக்கு 50க்கு 1 என்றால் லீட்டருக்கு 20 மில்லிலீட்டர். கண்மட்டத்தில் ஊற்றாமல் அளவுக் குவளையால் ஊற்றுங்கள். எந்தத் தர ஒயில் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும், கையேட்டில் உள்ளதையே வாங்குங்கள்.

9. எப்போது செய்வது

ஏப்ரல் சீசன்தான் நுவரெலியாவுக்கு வருமானக் காலம். அந்த மாத நடுவில் புத்தாண்டுக்குக் கடைகளும் லேத்துகளும் பூட்டிவிடும். பெந்தோட்டைப் பக்கம் நீர் விளையாட்டு சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, அதனால் ஜெட் ஸ்கி தெரிந்த பாஸ்மார் நமக்குத் தேவைப்படும் நேரத்திலேயே அங்கே மும்முரமாக இருப்பார்கள். பெரிய வேலை எதுவானாலும் மே மாதத்துக்குப் பிறகு கொண்டுபோங்கள். தென்மேல் பருவமழையில் மேலே ஓட்டம் குறைவு, கீழே அவர்களுக்கும் கை ஓய்வு. கூலி பேசவும் இடம் இருக்கும்.

சீசனுக்கான சிறிய பார்ட்ஸை ஜனவரிக்குள் வாங்கி வையுங்கள். பொதுவான சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம். கொழும்பு பஸ்ஸில் பார்சலாகப் போடச் சொன்னால் மேலே வந்துவிடும். ஜெட் ஸ்கிக்கே உரியவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரங்கள் ஆகும், சுங்கத் தீர்வை தனி. விலைப்பட்டியலை அச்செடுத்துக் கையில் வையுங்கள். ஓடர் கொடுக்குமுன் உடலின் அடையாள எண்ணையும் பார்ட்ஸ் இலக்கத்தையும் விற்பவருக்கு எழுத்தில் அனுப்பி, "பொருந்தும்" என்ற பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். பொருந்தாவிட்டால் திருப்ப அது ஒன்றுதான் ஆதாரம்.

10. கீழே கொண்டுபோகும்போது

மேலே கலவையை மெலிய வைத்த காபரேட்டர் மெஷினை அப்படியே பெந்தோட்டைக்கோ நீர்கொழும்புக்கோ கொண்டுபோய் ஓட்டினால் எஞ்சின் பிடித்துவிடும். அங்கே காற்று அடர்த்தி, மலைக்குத் திருத்திய பெற்றோல் அதற்குப் போதாது. நன்றாகத்தான் இழுக்கும், முதல் சில நிமிடம் முன்னெப்போதையும் விட நன்றாகவே இழுக்கும், பிஸ்டன் வெந்து சிலிண்டரில் ஒட்டும்வரை. மெஷினை விற்கும்போதும் வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ட்ரெய்லரில் ஏற்ற முன்பே பைலை எடுத்து, திருகுகளை எழுதிவைத்த பழைய சுற்றுக்குக் கொண்டுவாருங்கள். காபரேட்டரின் ஜெட்டை (பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள துண்டு) மாற்றியிருந்தால் பழையதைப் போடுங்கள். இறக்கியதும் அரை வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்த பிறகே முழு வேகம். சாய்வு குறைந்த இம்பெல்லர் போட்டிருந்தால் ஆர்.பி.எம். எல்லை தாண்டி ஏறும், அதையும் மாற்றிக்கொள்ளுங்கள். கடல் நீரோ களப்பு நீரோ பட்டால் மலையேறு முன் அங்கேயே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், 7ஆம் பகுதியில் சொன்ன அதே வரிசையில்.